பக்கத்து சீட்டில் இருந்தவர்

ராலி காரில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருபவரை நார்வேக்காரர்கள் கார்ட்லேசர் என்கிறார்கள். வரைபடம் வாசிப்பவர் என்று அர்த்தம். நாம் கோ-டிரைவர் என்கிறோம், பத்திரிகைகளில் துணை ஓட்டுநர் என்று எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் நார்வேப் பெயர்தான் சரி. அந்த மனிதர் ஓட்டுவதே இல்லை. பந்தயம் நடக்கும்போது பாதி நேரம் சாலையைக்கூடப் பார்ப்பதில்லை. மடியில் இருக்கும் நோட்டைப் பார்த்து வாசித்துக்கொண்டே வருகிறார், அவ்வளவுதான். ஆனா அவர் வாசிப்பதை நிறுத்தினால் ஒன்று கார் வேகம் குறையும், இல்லையென்றால் மரத்தில் போய் நிற்கும்.

நான் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவா, ஓஸ்லோவின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள், ஒரு ரயில் நிலையம், சுற்றுவட்டாரத்தில் நிறைய தமிழ்க் குடும்பங்கள். கோவையில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடி வேலைக்கு வந்தவன் நான். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிற ஊர்க்காரனுக்குக் கார் பந்தயத்தைப் பற்றி யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே வந்தபிறகு பார்த்தால், பனிச்சாலையில் கார் ஓட்டுவது இந்த மக்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஈ-6 நெடுஞ்சாலையில் வடக்கே போனால் வரும் ஹாமர் நகரை மையமாக வைத்து 2007லும் 2009லும் உலக ராலி போட்டியே நடந்திருக்கிறது.

நார்வேயின் பெட்டர் சோல்பெர்க் 2003ல் உலக ராலி சாம்பியன் ஆனார். கடைசிச் சுற்று வேல்ஸ் நாட்டில். செபாஸ்டியன் லோப் 71 புள்ளி, சோல்பெர்க் 72. ஒரே ஒரு புள்ளியில் பட்டம். அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னவர் பில் மில்ஸ் என்ற வேல்ஸ்காரர். இங்கே சோல்பெர்க் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். மில்ஸ் யார் என்று கேட்டால் பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். நம்ம பக்கமும் இதே கதைதான். சென்னை எம்.ஆர்.எஃப். அணிக்காக கௌரவ் கில் 2013ல் ஆசிய பசிபிக் ராலி பட்டம் வென்றது ஞாபகம் இருக்கும். பக்கத்தில் இருந்த ஆஸ்திரேலியர் கிளென் மெக்நீல் எத்தனை பேருக்கு ஞாபகம்?

இந்தப் பக்கத்து சீட்டின் மதிப்பை உலகத்துக்கே காட்டிய ஒரு மனிதரைச் சொல்லுங்கள் என்றால், நான் டெனிஸ் ஜென்கின்சன் பெயரைத்தான் சொல்வேன். 1996ல் இறந்துபோனார். பந்தய உலகத்தில் பெரிய பெயர். நம்ம மக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அது. புலம்பெயர்ந்து வாழ்கிற நமக்கு இன்னும் கூடுதலாக.

துப்பாக்கி எடுக்க மறுத்த பொறியாளர்

ஜென்கின்சன் 1920 டிசம்பர் 11 அன்று லண்டனில் பிறந்தார். ரீஜன்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் பொறியியல் படித்தார். சின்ன வயதிலிருந்தே கார், மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். படிப்பு முடியும் நேரம் இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. கட்டாய ராணுவ சேவை. ஆயுதம் ஏந்திச் சண்டை போடமாட்டேன் என்று மனசாட்சியின் பேரில் மறுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது லேசான முடிவு இல்லை. கோழை என்ற பட்டம் சுலபமாகக் கிடைக்கும்.

ராணுவத்துக்குப் பதிலாக ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில் சிவிலியனாக வேலை பார்த்தார். அங்கேதான் மோட்டார் ஸ்போர்ட் பத்திரிகையின் ஆசிரியர் பில் பாடியின் பழக்கம் கிடைத்தது. பின்னால் அவர் வாழ்க்கை முழுக்க அந்தப் பத்திரிகையோடுதான் ஓடியது.

போர் முடிந்தது. பந்தயங்கள் திரும்ப ஆரம்பித்தன. ஜென்கின்சனுக்கு ஓட்ட ஆசை, கையில் காசு இல்லை. ஐரோப்பா முழுக்கச் சுற்றிப் பந்தயம் பார்க்க ஒரே வழி, யாருடைய வண்டியிலாவது ஏறிக்கொள்வது. அப்படித்தான் சைடுகார் பந்தயத்துக்குள் போனார்.

சைடுகார் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தோடு ஒரு பலகை மாதிரி. அதில் ஒருவர் தொற்றிக்கொண்டு இருப்பார். ஒரு பக்கம் திரும்பும்போது வெளியே தொங்கி, தலை தரையை உரசும் அளவுக்குச் சாய வேண்டும். இன்னொரு பக்கம் திரும்பும்போது ஓட்டுநரின் பின்னால் தாவி பின்சக்கரத்தின் மேல் எடையைப் போட வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் வண்டி கவிழும். ஹேண்டில்பார் அவர் கையில் இல்லை, பிரேக்கும் இல்லை. அவரிடம் இருப்பதெல்லாம் அவர் உடம்பின் எடையும், அடுத்த திருப்பம் எது என்ற ஞாபகமும்தான்.

ஜென்கின்சன் குள்ளமான, ஒல்லியான ஆள். கண்ணாடி, சிவந்த தாடி. அந்த உடம்பு இந்த வேலைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. எரிக் ஆலிவர் என்ற ஆங்கிலேயரின் நார்ட்டன் வண்டியில் பயணியாகச் சேர்ந்தார். 1949ல்தான் மோட்டார் சைக்கிளுக்கு உலக சாம்பியன்ஷிப் என்ற ஒன்றே ஆரம்பித்தது. அந்த முதல் வருஷமே சைடுகார் பட்டம் ஆலிவர், ஜென்கின்சன் ஜோடிக்கு. துப்பாக்கி எடுக்க மறுத்த மனிதர் நான்கே வருஷத்தில் உலகத்திலேயே ஆபத்தான ஒரு இடத்தில் தொங்கிக்கொண்டு உலக சாம்பியன் ஆகிவிட்டார்!

அதன்பிறகு எழுத்து. மோட்டார் ஸ்போர்ட் பத்திரிகையின் ஐரோப்பிய நிருபராக, கோடை முழுக்க இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி என்று சுற்றினார். டி.எஸ்.ஜே. என்ற மூன்று எழுத்தில்தான் கையெழுத்து. வீரர்களின் பின்னால் அலைந்து கிசுகிசு எழுதுகிற நிருபர் இல்லை. இந்த எஞ்சின் ஏன் இப்படி, இந்த ஓட்டுநர் இந்த வளைவில் ஏன் அரை நொடி வேகம் என்று தோண்டுகிற ஆள்.

ஆயிரம் மைல்

இப்போ 1955க்கு வருவோம். இத்தாலியில் மில்லே மிலியா என்று ஒரு பந்தயம். ஆயிரம் மைல் என்று பொருள். வட இத்தாலியின் பிரெஷியா நகரில் புறப்பட்டு, கிழக்குக் கடற்கரை வழியாகத் தெற்கே பெஸ்காரா, அங்கிருந்து மலை ஏறி ரோம், ரோமிலிருந்து வடக்கே சியனா, புளோரன்ஸ், மலைக்கணவாய்கள், பொலோனியா, கடைசியில் மறுபடி பிரெஷியா. கிட்டத்தட்ட 1600 கிலோமீட்டர், ஒரே மூச்சில். மூடிய பந்தயத் தடம் இல்லை, சாதாரண ஊர்ச் சாலைகள். கடைத்தெரு, தேவாலயச் சதுக்கம், டிராம் தண்டவாளம், ரயில்வே கேட் எல்லாம் வரும். ஓரத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள்.

ரயில்வே கேட் என்றதும் ஒன்று சொல்லணும். முந்தைய வருஷம், 1954ல், ஹான்ஸ் ஹெர்மன் தன் சின்ன போர்ஷே காரில் வரும்போது கேட் மூடிக்கொண்டிருந்தது. பிரேக் போட நேரமில்லை. பக்கத்தில் இருந்த ஹெர்பர்ட் லிங்கேயின் ஹெல்மெட்டில் ஒரு தட்டு தட்டினார். இருவரும் குனிந்தார்கள். கார் தடுப்புக் கம்பிக்கு அடியில் நுழைந்து, ரயிலுக்கு முன்னால் தாண்டிப் போய்விட்டது. அந்தப் பந்தயம் எப்படிப்பட்டது என்று புரிய இந்த ஒன்று போதும்.

இத்தாலிக்காரர்களுக்கு அந்தச் சாலைகள் பழக்கம். வெளிநாட்டுக்காரர் என்ன செய்வார்? 1600 கிலோமீட்டரில் எத்தனை ஆயிரம் வளைவு! யாருக்கு மனப்பாடம் ஆகும்? மெர்சிடிஸ் அணியில் இருந்த ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கருக்கு ஒரு யோசனை வந்தது. சாலையை முன்கூட்டியே சுற்றிப் பார்த்துக் குறிப்பெடுத்து, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து அதை வாசிக்கச் சொன்னால்? அதற்கு அவர் ஜென்கின்சனைப் பிடித்தார். பிறகு மெர்சிடிஸ், 25 வயது ஸ்டிர்லிங் மாஸுக்குப் பெரிய 300 எஸ்.எல்.ஆர். காரைக் கொடுத்தது. ஜெயிக்கக்கூடிய கார் அதுதான் என்று தெரிந்ததும் ஃபிட்ச் பெருந்தன்மையாக ஒதுங்கி, ஜென்கின்சனை மாஸோடு போக விட்டார். இந்த ஃபிட்ச்தான் பின்னாளில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் மோதலைத் தாங்க வைக்கும் மணல் பீப்பாய்த் தடுப்பைக் கண்டுபிடித்தவர். பந்தயத்தில் உயிர் பிழைத்தவர்கள் பாதுகாப்பைப் பற்றி யோசிப்பது இயல்புதானே.

காகிதச் சுருள்

மாஸும் ஜென்கின்சனும் பந்தயத்துக்கு முன்னாலேயே இத்தாலிக்குப் போய் முழுப் பாதையையும் பல முறை சுற்றினார்கள். ஒவ்வொரு முறையும் ஜென்கின்சன் எழுதினார். எல்லா வளைவையும் எழுதவில்லை. அதுதான் அவர் மூளை. பார்த்தாலே தெரிகிற வளைவை மாஸ் பார்த்துக்கொள்வார். பார்த்தாலும் ஏமாற்றுகிற இடங்கள் எவை? அவற்றை மட்டும் பொறுக்கினார். வளைவுகளை ஆபத்தின் அளவைப் பொறுத்து மூன்று வகையாகப் பிரித்தார். வழுக்குகிற தரை, ரயில்வே கேட், மேடு, பள்ளம், மேட்டுக்கு அப்பால் சாலை நேராகப் போகிறதா திரும்புகிறதா, இவையெல்லாம் தனி. இடத்தை அடையாளம் காண சாலையோரத்துக் கிலோமீட்டர் கற்கள்.

இதையெல்லாம் நீளமான ஒரே காகிதச் சுருளில் எழுதினார். ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். திறந்த காரில் மணிக்கு 270 கிலோமீட்டர் காற்றில் நோட்டுப் புத்தகத்தைப் புரட்ட முடியுமா? அதனால் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே மேலும் கீழும் இரண்டு உருளை, முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். குமிழைத் திருகினால் சுருள் ஒரு உருளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடும். அந்தக் காலத்து ஜி.பி.எஸ். என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அடுத்த சிக்கல், இதை மாஸிடம் எப்படிச் சொல்வது? எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. மைக், இயர்போன் வைத்துப் பார்த்தார்கள். சத்தம் தெளிவாகப் போனது. ஆனா மாஸ் உச்சபட்ச கவனத்தில் ஓட்டும்போது காதில் விழுந்த வார்த்தை அவர் மூளைக்குள் போகவே இல்லை. எனக்கு இந்த வாழ்க்கையிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். நாங்கள் ஐடியில் தினமும் பார்ப்பது இது. தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று சிஸ்டம் சொல்லும், அந்தப் பக்கம் இருக்கும் மனுஷருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அனுப்பினேனே என்று சொன்னால் வேலை முடிந்துவிடுமா?

ஜென்கின்சன் அனுப்பினேனே என்று விடவில்லை. மைக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கை சைகைகளை உருவாக்கினார். ஓரக்கண்ணில் கை அசைவு தெரிந்தால் போதும், மாஸுக்குப் புரியும். வாங்குகிறவருக்கு எந்த வழி சரியோ அந்த வழியில் கொடுப்பது. வழி சொல்கிற வேலையின் பாதி இதுதான்.

1955 மே 1, காலை 7.22

500க்கும் மேற்பட்ட கார்கள், ஒவ்வொன்றாகக் கிளம்பும். கிளம்பும் நேரமே காரின் எண். மாஸ், ஜென்கின்சன் கார் காலை 7.22க்கு. எண் 722. இன்றைக்கும் கார் பித்தர்களிடம் 722 என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

ஆரம்பத்திலேயே சோதனை. பதுவா ஊரில் கார் சறுக்கி வைக்கோல் கட்டுகளில் இடித்தது. பின்னால் ஃபெராரியில் வந்த யூஜினோ காஸ்டெலோட்டி தாண்டிப் போனார். அவர் டயரைத் தேய்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ரவென்னாவில் டயர் மாற்ற அவர் நின்றபோது இவர்கள் முந்திவிட்டார்கள்.

வெயில், எஞ்சின் சூடு, பெட்ரோல் வாடை, குலுக்கல். ஜென்கின்சனுக்கு வாந்தி வந்தது. காருக்கு வெளியே தலையை நீட்டினார், காற்று அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடி இல்லாமல் சுருளை எப்படிப் படிப்பது? பாக்கெட்டில் இன்னொரு ஜோடி வைத்திருந்தார். அதை எடுத்து மாட்டிக்கொண்டு அடுத்த வரியை வாசித்தார். ஆயிரம் மைலில் ஒரு கண்ணாடி போகலாம் என்று முன்கூட்டியே யோசித்த மனிதர்.

நேர்ச்சாலையில் மேடு வரும். மேட்டுக்கு அப்பால் என்ன என்று ஓட்டுநருக்குத் தெரியாது. காலை எடுப்பதா, அழுத்துவதா? ஜென்கின்சன் கையைக் காட்டினார்: நேர்தான், போ. மாஸ் காலை எடுக்கவில்லை. அப்படி ஒரு மேட்டில் கார் முழு வேகத்தில் காற்றில் பறந்து இறங்கியது. கொஞ்சம் யோசித்துப் பாருங்க. தப்பான சுருள் என்றால் இருவருக்கும் அதோடு முடிந்தது. மாஸின் துணிச்சல் எல்லோருக்கும் தெரிந்தது. தன் குறிப்பின்மேல் தன் உயிரையே வைத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் துணிச்சலை என்னவென்று சொல்வது?

ரோமில் முதலாவதாக வருபவர் பிரெஷியாவில் ஜெயிப்பதில்லை என்று அந்தப் பந்தயத்தில் ஒரு நம்பிக்கை. ரோமில் இவர்கள்தான் முதலில் இருந்தார்கள். பிரெஷியாவிலும் இவர்களே. 10 மணி 7 நிமிடம் 48 நொடி. சராசரி வேகம் மணிக்கு சுமார் 157 கிலோமீட்டர். சராசரி என்பதைக் கவனியுங்கள், ஊர்களையும் மலைகளையும் சேர்த்து! மில்லே மிலியா வரலாற்றில் இந்த நேரத்தை யாரும் முறியடிக்கவில்லை. இரண்டாவதாக வந்தவர் யார் தெரியுமா? அதே மெர்சிடிஸ் காரில், அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஓட்டுநர் ஹுவான் மானுவல் ஃபான்ஜியோ. அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால்.

ஃபான்ஜியோ தனியாக ஓட்டினார். 1948ல் தென் அமெரிக்க நெடுஞ்சாலைப் பந்தயம் ஒன்றில், பெரு நாட்டில் அவர் கார் விபத்துக்குள்ளாகி, பக்கத்தில் இருந்த நண்பர் டேனியல் உருட்டியா இறந்துபோனார். அந்த வலிக்குப் பின்னால் பக்கத்து சீட்டைக் காலியாக விட்டு ஓட்டியதை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் காரில் சின்னக் கோளாறும் இருந்தது. ஆகவே முழு அரை மணி நேரமும் சுருளின் புண்ணியம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனா உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர் ஞாபகத்தை நம்பி ஓட்டியதற்கும், 25 வயது இளைஞர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பை நம்பி ஓட்டியதற்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்துபோனது.

ஜென்கின்சன் அன்று இரண்டு வேலை பார்த்தார். வழி சொன்னார், பிறகு நிருபராக அதை எழுதினார். 1955 ஜூன் மாத மோட்டார் ஸ்போர்ட் இதழில் வந்த அந்தக் கட்டுரை, கார் பந்தயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டதிலேயே சிறந்தது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள்.

அதன் பிறகு

1956ல் மாஸோடு மறுபடி போனார், இந்தமுறை மசராட்டி கார். மழையில் சாலையை விட்டு விலகி, மலைச்சரிவில் ஒரு மரம் தடுத்ததால் உயிர் தப்பினார்கள். 1957லும் போனார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பிரேக் பெடல் உடைந்துவிட்டது. அந்த வருஷம்தான் கடைசி. குவிடிட்சோலோ என்ற ஊருக்குப் பக்கத்தில் ஆல்ஃபோன்சோ டி போர்ட்டாகோவின் ஃபெராரி கூட்டத்துக்குள் பாய்ந்தது. அவரும், பக்கத்தில் இருந்த எட்மண்ட் நெல்சனும், வேடிக்கை பார்த்த ஒன்பது பேரும் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். மில்லே மிலியா அதோடு நிறுத்தப்பட்டது. அதை வெறும் வீரக் கதையாக மட்டும் சொல்லக்கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன்.

ஜென்கின்சன் இன்னும் பல பத்தாண்டுகள் எழுதினார். ஹாம்ப்ஷயரில், மின்சார இணைப்பே இல்லாத ஒரு பழைய வீட்டில், எஞ்சின் பாகங்களுக்கும் காகிதக் குவியலுக்கும் நடுவில் தனியாக வாழ்ந்தார். போர்ஷேயும் ஜாகுவார் ஈ-டைப்பும் ஓட்டி ஐரோப்பா முழுக்க அலைந்தார். காசு சேர்க்கவில்லை, பெயரைத் தேடி ஓடவில்லை. 1996 நவம்பர் 29 அன்று, 76 வயது நிறைய சில நாட்களே இருக்கும்போது இறந்தார்.

அவர் சுருள் மட்டும் சாகவில்லை. இன்றைய ராலியில் அதற்குப் பெயர் பேஸ் நோட்ஸ். உலக ராலியில் ஒவ்வொரு பாதையையும் போட்டிக்கு முன்னால் மெதுவாக இரண்டு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி. முதல் முறை ஓட்டுநர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதுவார், இரண்டாம் முறை சரிபார்ப்பார்கள். நூறு மீட்டர், இடது நாலு, மேடு தாண்டி வலது மூணு, உள்பக்கம் வெட்டாதே, கல் இருக்கு என்கிற மாதிரி போகும். ஹெல்மெட் மைக்குகள் நன்றாகிவிட்டதால் சைகை போய் குரல் வந்துவிட்டது. சொல்வதைச் சரியான நொடியில் சொல்லணும். சீக்கிரம் சொன்னால் மறந்துவிடும், தாமதமாகச் சொன்னால் பயன் இல்லை. இது தவிர சோதனைச் சாவடிக்குச் சரியான நிமிடத்தில் போய்ச் சேர்வதும் அவர் பொறுப்பு. தாமதமானால் ஒரு நிமிடத்துக்குப் பத்து நொடி தண்டனை, முன்னாலேயே போனால் ஒரு நிமிடத்துக்கு ஒரு நிமிடமே தண்டனை. டயர் பஞ்சரானால் இறங்கி மாற்றவும் அவர் வேண்டும்.

ஆபத்திலும் சம பங்கு. 2005 செப்டம்பரில் வேல்ஸ் ராலியில் மார்க்கோ மார்ட்டினின் கார் மரத்தில் மோதியது. மார்ட்டினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கோ-டிரைவர் மைக்கேல் பார்க் இறந்துவிட்டார். மார்ட்டின் அதன்பிறகு உலக ராலிக்குத் திரும்பவே இல்லை.

நம்ம பக்கத்து சீட்டு

இதை ஏன் நமக்கு எழுதுகிறேன் என்றால், வெளிநாட்டில் வாழ்கிற ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் ஒரு சுருள் ஓடுகிறது. யாரோ ஒருவர் முன்னால் அந்தச் சாலையில் போயிருப்பார். எந்த விண்ணப்பம் எந்த மாதம், எந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடணும், குளிர்கால டயர் எப்போ மாற்றணும், பிள்ளைக்கு எந்தப் பள்ளி. நார்வேக்கு வந்த முதல் தமிழர் என்று அறியப்படும் குருநகர் அந்தோணி ராஜேந்திரம் 1956ல் இங்கே வந்தார், மாஸும் ஜென்கின்சனும் ஜெயித்ததற்கு அடுத்த வருஷம். பின்னால் யாழ்ப்பாண இளைஞர்கள் இங்கே படிக்க வர அவர் வழிகாட்டினார். ஊரில் மீனவர்களுக்காக சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்கு முன்னால் சுருள் எழுதிவைத்தவர் யாரும் இல்லை. அவர்தான் எழுதினார். என்னைப் போல வேலை விசாவோடு, கம்பெனி ஏற்பாடு செய்த வீட்டில் வந்து இறங்கியவர்கள் எல்லாம் யாரோ எழுதிவைத்த குறிப்பில்தான் ஓடுகிறோம்.

ஆனா ஒரு விஷயத்தில் நாம் யோசிக்கணும். நம்ம வீடுகளில் பக்கத்து சீட்டில் யாரை உட்காரவைக்கிறோம்? பல வீடுகளில் பத்து வயதுப் பிள்ளையை. அலுவலகக் கடிதத்தைப் படித்துச் சொல்வது, வங்கிக்குப் போன் பேசுவது, டாக்டரிடம் அம்மாவின் வியாதியை மொழிபெயர்ப்பது. இரண்டாம் தலைமுறையில் வளர்ந்து இப்போது நம்மோடு வேலை பார்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கதை எல்லோரிடமும் இருக்கும். நார்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் சட்டம், அவசரநிலை போன்ற விதிவிலக்கு தவிர அரசு அலுவலகங்கள் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. கூச்சப்படாமல் கேட்கலாம். அலுவலகத்துக்குள் சட்டம் வரும். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குச் சட்டம் வராது, அங்கே நாம்தான் பார்த்துக்கொள்ளணும்.

ஜென்கின்சன் அந்த சீட்டில் விரும்பி உட்கார்ந்தார். சாலையை முன்கூட்டியே பல முறை பார்த்தார். எழுதினார், சோதித்தார், மாற்றுக் கண்ணாடி எடுத்துவந்தார். பத்து வயதுப் பிள்ளை அந்தச் சாலையில் போனதே இல்லை. கடிதத்தில் இருக்கும் வார்த்தை தெரியும், அதன் பின்விளைவு தெரியாது. தப்பாகப் படித்துவிட்டால் யார் மேல் பழி? அந்தச் சுமை அந்தத் தோளுக்கு இல்லை. சாலையில் ஏற்கெனவே போன பெரியவர்கள் நம்மில் ஏராளம். சங்கங்களில், தமிழ்ப் பள்ளிகளில், கோவிலில், ஐடி அலுவலகங்களில். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, புதிதாக வந்தவர்களின் கடிதங்களை வாசித்துச் சொன்னாலே போதும், எத்தனையோ பிள்ளைகள் பின்சீட்டுக்குத் திரும்பிப் போகலாம்.

இன்னொன்று, மரியாதை. மாஸ் 2020ல் இறக்கும்வரை, மில்லே மிலியாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஜென்கின்சனின் பங்கைச் சொல்லாமல் விட்டதில்லை. நம்ம குடும்பத்தில் ஸ்டீயரிங் பிடித்தவர் பெயரில் வீடு வரும், பதவி வரும், ஊரில் பாராட்டு வரும். எந்தத் தேதிக்கு எந்தக் கட்டணம் என்று வருஷக்கணக்காக ஞாபகம் வைத்து ஓடவைத்த மனைவியோ, தம்பியோ, பக்கத்து வீட்டு அக்காவோ அந்தப் பாராட்டில் இருப்பதில்லை. இருந்தால் கௌரவம் குறையாது. உலக ராலியில் இப்போது கோ-டிரைவருக்கும் தனியாக உலக சாம்பியன் பட்டம் உண்டு. கோப்பையைத் தூக்கும்போது இருவரும் காரின் மேலேறி நின்று தூக்குகிறார்கள்.